நனவிலி மனதைத் தேடி: முதல் அமர்விலிருந்து கடைசி அமர்வு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

1892ஆம் ஆண்டின் இறுதியில் வியன்னாவில் முப்பது வயதுப் பெண் ஒருவர் நரம்பு மருத்துவரான சிக்மண்ட் ஃப்ராய்டிடம் வந்தார். ஒரு தொழிற்சாலை இயக்குநரின் வீட்டில், தாயை இழந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆங்கிலேய ஆசிரியை. நாள்பட்ட மூக்கு அழற்சியால் அவருக்கு வாசனை தெரியும் திறனே போய்விட்டிருந்தது. ஆனால் ஒரே ஒரு வாசனை மட்டும் விடாமல் துரத்தியது: அடுப்பில் கருகிய மாவுப் பண்டத்தின் வாசனை. வீட்டில் எதுவும் கருகவில்லை. பசியில்லை, தலை பாரம், மனசு சோர்ந்து கிடந்தது. மூக்குக்கு வைத்தியம் பார்த்தவரே அவரை ஃப்ராய்டிடம் அனுப்பிவைத்தார்.

ஃப்ராய்டும் அவருடைய மூத்த சக மருத்துவர் ஜோசப் ப்ராயரும் 1895இல் சேர்ந்து வெளியிட்ட நூலில் இந்தப் பெண் மிஸ் லூசி ஆர். என்ற புனைபெயரில் சில பக்கங்களுக்கு வருகிறார். பெரிய திருப்பங்கள் கிடையாது. ஒன்பது வாரத்தில் சிகிச்சை முடிந்துவிடுகிறது. நனவிலி மனம் என்றாலே ஆடும் கடிகாரம், ஹிப்னாடிசம், பூர்வ ஜென்மம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கருகிய வாசனைக் கதையைத்தான். கீழே வரும் படிகளில் லூசியை அடிக்கடி கூப்பிட்டுக்கொள்வேன்.

நான் மருத்துவர் இல்லை. இரண்டரை வருடம், வாரம் ஒருமுறை, ஒரு தெரபிஸ்ட் எதிரே உட்கார்ந்து பேசியவன். அந்தக் காலத்தில் இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன். ஆகவே இதை நோயாளியின் நாற்காலியிலிருந்துதான் எழுதுகிறேன்.

எதை நனவிலி என்கிறோம்?

ஜெனீவாவைச் சேர்ந்த எட்வார்ட் கிளாபரேட் என்ற உளவியலாளர் 1911இல் ஒரு சிறு சோதனையைப் பதிவு செய்தார். அவரிடம் இருந்த பெண் நோயாளிக்குப் புதிய நினைவு எதுவும் தங்காது. தினமும் பார்க்கும் மருத்துவரே தினமும் புது ஆள்தான். ஒருநாள் கிளாபரேட் விரலிடுக்கில் ஒரு குண்டூசியை ஒளித்துவைத்துக் கைகுலுக்கினார். குத்திய வலி சீக்கிரமே மறந்துபோயிற்று. ஆனால் அடுத்த முறை அவர் கையை நீட்டியபோது அந்தப் பெண் தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நினைவில் இல்லாத ஒன்று கையை இழுத்தது.

இது நனவிலியின் ஒரு வகை: நமக்குத் தெரியாமலே உடம்பும் மனசும் கற்றுவைத்திருப்பது. சைக்கிள் ஓட்டுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். சிகிச்சை அறையில் அதிகம் புழங்குவது இரண்டாவது வகை. அதாவது, தெரிந்தால் வலிக்கும் என்பதால் நாமே தெரியாமல் வைத்திருப்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்போமே, அதை நமக்கு நாமே செய்துகொள்வது. இரண்டும் கலந்துதான் வரும். மனிதர்கள் கிட்டே வந்தால் காரணமே புரியாமல் கையை இழுத்துக்கொள்ளும் எத்தனையோ பேரை நமக்குத் தெரியும்.

வழக்கில் இதை ஆழ்மனம் என்றும் சொல்கிறோம். ஆனால் 'ஆழ்மன சக்தியால் கோடீஸ்வரர் ஆகலாம்' வகையறா வீடியோக்களுக்கும் இங்கே பேசப்போவதற்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் ஆழ்மனதிற்குக் கட்டளை போடச் சொல்கிறார்கள். இங்கே அது என்ன சொல்கிறது என்று காதுகொடுக்கிறோம்.

படி 1: இப்போது தொடங்கலாமா, யாரிடம் போவது?

எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் இந்தப் பேச்சுச் சிகிச்சை ஏற்றதல்ல. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருக்கும்போது, காதில் குரல்கள் கேட்கும்போது, குடி கட்டுக்கு மீறிப் போயிருக்கும்போது முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். உள்ளே தோண்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடனடி உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்திய அரசு 2022இல் தொடங்கிய இலவசச் சேவை அது. அதேபோல, கையை நூறு முறை கழுவும் எண்ணச் சுழல் நோய்க்கும், லிஃப்ட் பயம் போன்ற குறிப்பிட்ட பயங்களுக்கும், பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் பயிற்சிமுறைகள்தான் முதல் தேர்வு. ஒரே மாதிரியான உறவில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறவர், எல்லாம் இருந்தும் ஏன் இப்படி வெறுமையாக இருக்கிறது என்று கேட்பவர், ஜெயிக்கப்போகும் நேரத்தில் தானே காரியத்தைக் கெடுத்துக்கொள்பவர் ஆகியோருக்கு இந்த வழி பொருந்தும்.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. 'கவுன்சலர்' என்ற சொல் மட்டும் எதற்கும் உத்தரவாதம் ஆகாது. என்ன படித்தார், யாரிடம் பயிற்சி எடுத்தார் என்று கேட்டுவிடுங்கள். முக்கியமாக, 'நீங்கள் சைக்கோடைனமிக் முறையில் வேலை செய்வீர்களா?' என்று கேளுங்கள். நனவிலியை வைத்து நடக்கும் சிகிச்சைக்கு இன்றைய பொதுப்பெயர் அதுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1922லேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். (ஃப்ராய்டு தன் முறைக்கு வைத்த பெயர்தான் உளப்பகுப்பாய்வு.) ஃப்ராய்டுக்குக் கடிதம் எழுதி, எதிரெதிர் ஆசைகள் பற்றிய தன் கொள்கையை முன்வைத்து வாதாடியவர். ஃப்ராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து போன தந்தத்தாலான விஷ்ணு சிலை இன்றும் லண்டனில் ஃப்ராய்டின் வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படி 2: நேரம், இடம், பணம்

சலிப்பான பகுதி, ஆனால் இதைச் சரியாகப் போட்டால்தான் மற்றது நிற்கும். வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம், சுமார் 50 நிமிடம். வராமல் போனால் கட்டணம் உண்டா, தெரபிஸ்ட் லீவு போடுவதை எப்போது சொல்வார், நடுவில் போன் செய்யலாமா என்பதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். விதிகள் எதற்கு என்றால், பின்னால் நீங்கள் அவற்றை மீறும்போதுதான் உங்களைப் பற்றி ஏதாவது தெரியவரும். இதைப் படி 6இல் என் கதையோடு சொல்கிறேன்.

ரகசியம் பற்றியும் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விலக்குகளும் உண்டு. ஆன்லைனில் பேசுவதாக இருந்தால், வீட்டில் எந்த அறையில் கதவைச் சாத்திக்கொள்ள முடியும் என்பது நம் ஊரில் பெரிய கேள்வி. நிறுத்திவைத்த காருக்குள் உட்கார்ந்து பேசுபவர்களை எனக்குத் தெரியும். மோசமில்லை, ஓட்டிக்கொண்டே பேசாமல் இருந்தால் சரி.

சோபாவில் படுக்க வேண்டுமா? பெரும்பாலான இடங்களில் இன்று நேருக்கு நேர் நாற்காலிதான். அந்தப் புகழ்பெற்ற சோபா ஒரு நோயாளி ஃப்ராய்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. தினமும் எட்டு மணி நேரம் யாராவது தன்னையே உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை, அதனால்தான் பின்னால் உட்கார்கிறேன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

படி 3: வாய்க்கு வந்ததைப் பேசுவது

அடிப்படை விதி ஒன்றே ஒன்று. மனதில் என்ன தோன்றுகிறதோ அதை வடிகட்டாமல் சொல்லுங்கள். அற்பமாகத் தோன்றினாலும், அசிங்கமாகத் தோன்றினாலும், தலைப்புக்குச் சம்பந்தமே இல்லை என்றாலும். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், உள்ளே இருப்பவருக்கு வெளியே ஓடும் காட்சிகளைச் சொல்லிக்கொண்டே வருவதுபோல என்று 1913இல் ஃப்ராய்டு உவமை சொன்னார். பனைமரம் வந்தால் பனைமரம், சுடுகாடு வந்தால் சுடுகாடு. ஜன்னலோரம் இருப்பவர் காட்சியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த முறையை ஃப்ராய்டு மேசையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எம்மி என்ற பெயரில் அவர் எழுதிய நோயாளி, 'இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள்' என்கிற மாதிரி ஒருநாள் கடிந்துகொண்டார். அவரும் விட்டார். அதற்கு முன்பே, ப்ராயரின் நோயாளியான 'அன்னா ஓ' தன் சிகிச்சைக்குப் 'பேச்சு வைத்தியம்' என்று தானே பெயர் வைத்திருந்தார். புகைபோக்கியைச் சுத்தம் செய்வது என்று கேலியாகவும் சொல்வார். அதை ஆங்கிலத்தில் சொன்னார் என்பதுதான் விசேஷம். ஜெர்மன் தாய்மொழிக்காரரான அவருக்கு நோயின் ஒரு கட்டத்தில் ஜெர்மன் பேசவே வரவில்லை.

நடைமுறையில் இது சுலபமில்லை. நாம் பெரியவர்கள் முன்னால் அளந்து பேச வளர்க்கப்பட்டவர்கள். முதல் ஆறு மாதம் நான் பேசியதெல்லாம் ஆபீஸ் மேனேஜரைப் பற்றித்தான். வரும் வழியில் பஸ்ஸிலேயே இன்றைக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று குறிப்பு எழுதிக்கொண்டு போவேன். 'குறிப்பு இல்லாம ஒரு நாள் வந்து பாருங்களேன்' என்றார் தெரபிஸ்ட். அன்றைக்குப் பதினைந்து நிமிடம் வாயே திறக்கவில்லை. அப்புறம் அவர் அறையில் சுழன்ற மின்விசிறியின் சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, எப்படியோ தாத்தா வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் 'ஒன்றுமே தோன்றவில்லை' என்று சொல்லுங்கள். அதற்கு முந்தைய நொடியில் என்ன தோன்றியது என்று பின்னோக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று தோன்றி, 'இதைச் சொல்ல வேண்டாம்' என்று தள்ளியிருப்பீர்கள்.

படி 4: சின்ன விஷயங்களை விடாதீர்கள்

இப்போது லூசிக்கு வருவோம். அவர் சரியாக ஹிப்னாடிச உறக்கத்துக்குப் போகவில்லை. ஆகவே ஃப்ராய்டு நெற்றியில் கையை வைத்து அழுத்தி, 'கையை எடுக்கும்போது எது தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள்' என்று கேட்டார். (இந்த அழுத்தும் வித்தையைப் பிற்பாடு அவரே கைவிட்டார். இன்று யாராவது உங்கள் நெற்றியைத் தொட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.) அவர் தேர்ந்தெடுத்த கேள்வி ரொம்பச் சாதாரணம்: அந்தக் கருகிய வாசனை முதலில் எப்போது வந்தது?

லூசிக்குத் தெளிவாக நினைவு வந்தது. அவருடைய பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு. குழந்தைகளோடு சமையல் விளையாட்டு. கிளாஸ்கோவில் இருந்த அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது. 'பிறந்தநாள் கடிதம், இப்போது படிக்கக் கூடாது' என்று குழந்தைகள் பிடுங்கிக்கொண்டு அவர் மேல் விழுந்து கொஞ்சுகிறார்கள். அந்த அமளியில் அடுப்பில் இருந்த பண்டம் கருகிவிடுகிறது.

அவ்வளவுதானா? நல்ல தெரபிஸ்ட் இங்கே நிற்க மாட்டார். சந்தோஷமான காட்சிதானே, இதில் வலி எங்கே என்று கேட்பார். லூசி அந்த வேலையை விட்டு அம்மாவிடமே திரும்பிப் போக நினைத்துக்கொண்டிருந்தார். மற்ற பணியாளர்கள் அவர் தலைக்கனம் பிடித்தவர் என்று கதை கட்டினார்கள். முதலாளியிடம் சொன்னபோது எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால் குழந்தைகளின் தாய்க்கு, அவருடைய மரணப் படுக்கையில், இவர்களை விட்டுப் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்த அந்த நிமிடத்தில் மூக்கில் ஏறிய வாசனை அங்கேயே தங்கிவிட்டது.

இப்படிப்பட்ட சின்ன நூல்முனைகள் உங்களிடமும் வரும். வாய் தவறி வேறு பெயரைச் சொல்வது. ஒரு குறிப்பிட்ட பேச்சு வந்தால் மட்டும் சிரிப்பது. பணம் கொடுக்க மறப்பது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும்போது 'ஆ, இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன்' என்று அன்றைய முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட்டு ஓடுவது. இந்தக் கடைசி வழக்கம் அநேகமாக எல்லாரிடமும் உண்டு.

இரண்டு மொழியில் வாழும் நமக்கு இன்னொரு துப்பும் உண்டு: எந்தப் பேச்சில் மொழி மாறுகிறது? நான் கவனிக்கவே இல்லை. என் தெரபிஸ்ட்தான் பிடித்தார். 'அம்மாவைப் பத்திப் பேசறப்ப எல்லாம் அம்மான்னுதான் சொல்றீங்க. அப்பா வந்தா மட்டும் மை ஃபாதர் ஆயிடறார்.' எனக்குக் கோபம் வந்தது. ஆபீஸ் பழக்கம் என்றேன். ஆபீஸில் நான் அப்பாவைப் பற்றிப் பேசியதே கிடையாது. கற்றுக்கொண்ட மொழியில் சுடும் விஷயங்களைக் கொஞ்சம் எட்ட வைத்துப் பிடிக்கலாம், இடுக்கி மாதிரி. எந்த விஷயத்துக்கு இடுக்கியை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

படி 5: கனவை எப்படிக் கொண்டுபோவது?

பஞ்சாங்கத்தின் கனவு பலனை முதலில் மூடிவையுங்கள். பாம்பு வந்தால் பகை, யானை வந்தால் யோகம் என்ற பட்டியலுக்கும், 'பாம்பு என்றால் பாலுறவு' என்ற அரைகுறை ஃப்ராய்டுக்கும் வித்தியாசம் அதிகமில்லை. சின்னங்களுக்குப் பொதுப்பொருள் தேடும் ஆசை ஃப்ராய்டுக்கும் ஓரளவு இருந்ததுதான். ஆனாலும் கனவுகள் பற்றி 1900ஆம் ஆண்டு என்று தேதியிட்டு அவர் வெளியிட்ட பெரிய நூலின் மையமான முறை வேறு: கனவைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் கனவு கண்டவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பது. பாம்பாட்டி குடும்பத்தில் பிறந்தவருக்குப் பாம்பு என்றால் பிழைப்பு.

தலையணைக்குப் பக்கத்தில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் போனைப் பார்ப்பதற்கு முன் எழுதுங்கள். பத்து நிமிடம் கழித்தால் பாதி போய்விடும். கதையாகக் கோக்க வேண்டாம். 'பள்ளிக்கூடம், ஆனா எங்க வீட்டுக் கிணறு இருக்கு, யாரோ சாவி கேட்கிறார், எரிச்சல்' என்று இருந்தால் போதும். எரிச்சலை விட்டுவிடாதீர்கள். கனவில் காட்சி மாறுவேஷம் போட்டாலும் உணர்ச்சி பெரும்பாலும் தன் சொந்த முகத்தோடுதான் வரும். முந்தைய நாள் நடந்ததையும் இரண்டு வரி எழுதுங்கள், கனவு தன் செங்கற்களை அங்கிருந்துதான் எடுக்கும். கனவே வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். அது கட்டாயப் பாடம் இல்லை.

படி 6: முட்டுக்கட்டை

மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஒன்று நடக்கும். போரடிக்கும். 'இதில் என்ன பிரயோஜனம், நண்பனிடம் ஓசியில் பேசியிருக்கலாம்' என்று தோன்றும். அல்லது திடீரென எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். தூக்கம் வரும். சந்திப்பு நேரத்தில்தான் ஆபீஸில் முக்கியமான மீட்டிங் வரும். உளவியலில் இதை எதிர்ப்பு என்பார்கள். யார் மீதோ போர் தொடுப்பது போன்ற அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. காலில் அடிபட்டவர் நொண்டுவதை எதிர்ப்பு என்றா சொல்வோம்? வலிக்கும் இடத்தில் எடை போடாமல் காப்பாற்றிக்கொள்கிறார்.

என் விஷயத்தில் அது தாமதம் என்ற வடிவில் வந்தது. சாதாரண வாரங்களில் சரியான நேரத்துக்குப் போய்விடுவேன். தெரபிஸ்ட் லீவில் போய்த் திரும்பும் வாரம் மட்டும் இருபது நிமிடம் தாமதம். மூன்றாம் முறை அவர் கேட்டார்: 'நான் லீவு முடிஞ்சு வர்ற வாரமெல்லாம் நீங்க லேட்டா வர்றீங்களே, கவனிச்சீங்களா?' டிராஃபிக் என்றேன். நம்பியும் சொன்னேன். அன்று உண்மையிலேயே டிராஃபிக் இருந்தது. அவர் வாதாடவில்லை. 'இருக்கலாம்' என்றார், அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே: வரப் பிடிக்காத அன்று வந்து, வரப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

படி 7: பழைய ஆட்கள் புதிய நாற்காலியில்

இந்தச் சிகிச்சையின் இதயம் இதுதான் என்பேன். வாழ்க்கையின் முக்கியமான ஆட்களிடம் நாம் எப்படி நடந்துகொண்டோமோ, அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரபிஸ்டிடமும் நடத்த ஆரம்பிப்போம். இதற்கு டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். அவர் கொட்டாவி விட்டால் 'நான் போரடிக்கிறேன்' என்று நெஞ்சு படபடக்கும். அடுத்த நோயாளியை வாசலில் பார்த்தால் பொறாமை வரும். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிப் போய், அவர் மென்மையாக மறுத்தால் ஒரு வாரம் தூக்கம் வராது. காதல்கூட வரும். வந்தால் வெட்கப்படாமல் சொல்லலாம். அதைக் கேட்டுப் பதறாமல் இருக்கவும், அதைத் தன் சுகத்துக்குப் பயன்படுத்தாமல் இருக்கவும்தான் அவருக்குப் பயிற்சி. பயன்படுத்துகிறவர் தெரபிஸ்ட் இல்லை, குற்றவாளி.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ராய்டே சாட்சி. 1900ஆம் ஆண்டு 'டோரா' என்று அவர் பெயரிட்ட பதினெட்டு வயதுப் பெண்ணின் சிகிச்சை பதினோரு வாரத்தில் முறிந்தது. டிசம்பர் 31 அன்று வந்து, இன்றோடு கடைசி என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டால், இரண்டு வாரம் முன்பு என்றார். வீட்டு வேலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பதுபோல. கனவுகளைப் பிரித்து மேய்வதில் மும்முரமாக இருந்த ஃப்ராய்டு, தன்னையே அந்தப் பெண் யாராகப் பார்க்கிறார் என்பதைச் சரியான நேரத்தில் பிடிக்கத் தவறிவிட்டதாக 1905இல் எழுதினார். டோராவின் அப்பாவும் குடும்ப நண்பரும் அவரை எப்படி நடத்தினார்கள் என்று வாசித்தால், எழுந்து போனது எனக்கு நியாயமாகவே படுகிறது.

தமிழில் இதைக் கவனிக்க ஒரு வசதி உண்டு: கூப்பிடும் முறை. 'மேடம்' என்று தொடங்கியவர் 'அக்கா' ஆக்கிவிட்டால், அல்லது 'நீங்க' சொல்லிக்கொண்டிருந்த வாயில் கோபத்தில் 'நீ' எட்டிப் பார்த்தால், அது எங்கிருந்து வந்தது என்று அங்கேயே நின்று பேசுங்கள்.

படி 8: விளக்கம் எப்போது வர வேண்டும்?

லூசியிடம் ஃப்ராய்டு ஒரு கட்டத்தில் நேரடியாகவே சொன்னார்: நீங்கள் உங்கள் முதலாளியைக் காதலிக்கிறீர்கள், அது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். லூசி மறுக்கவில்லை. ஆமாம், அப்படித்தான் என்று நினைக்கிறேன் என்றார். தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் நனவிலி பற்றி நான் படித்ததிலேயே சிறந்த விளக்கம். எனக்குத் தெரியாது, இல்லை, தெரிந்துகொள்ள விரும்பவில்லை, தலையிலிருந்து துரத்திவிட நினைத்தேன், சமீபத்தில் அதில் ஜெயித்துவிட்டதாகவே நம்பினேன் என்றார்.

இந்தக் காட்சியைப் படிக்கும் எவருக்கும், தெரபிஸ்ட் என்றால் புத்திசாலித்தனமாகக் கண்டுபிடித்துப் போட்டு உடைப்பவர் என்று தோன்றும். ஆபத்தான பாடம். காலம் கனியாமல் சொல்லப்படும் விளக்கம், பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்கு உணவுப் பட்டியலை விநியோகிப்பதற்குச் சமம் என்ற கருத்தை 1910இல் எழுதியவரும் அதே ஃப்ராய்டுதான். லூசி விஷயத்தில் அது பலித்ததற்குக் காரணம், அந்தப் பெண் ஏற்கெனவே அந்தச் சொல்லின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு விளக்கம் சரியா என்று நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? 'ஆமாம்' என்று தலையாட்டுவது அத்தாட்சி ஆகாது; நாம் மரியாதைக்கே தலையாட்டுகிறவர்கள். 'இல்லை' என்பதும் அத்தாட்சி ஆகாது. அதற்குப் பிறகு புதிதாக ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். மறந்த நினைவு, எதிர்பாராத அழுகை, அடுத்த வாரம் ஒரு கனவு. எதுவும் வராமல் பேச்சு வறண்டால் விளக்கம் தப்பு, அல்லது சீக்கிரம். நீங்கள் மறுக்கும் ஒவ்வொரு முறையும் 'பார்த்தீர்களா, இதுதான் எதிர்ப்பு' என்று சொல்லும் தெரபிஸ்டை விட்டு விலகுங்கள். எப்படிப் போனாலும் அவரே ஜெயிக்கும் ஆட்டம் அது.

இங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை

நினைவைத் தோண்டி எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் பாதி வழியில் நில்லுங்கள். 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில், மறந்துபோன சிறுவயதுக் கொடுமைகளை ஹிப்னாடிசத்தாலும் கற்பனைப் பயிற்சியாலும் மீட்பதாகச் சொன்ன சிகிச்சைகள் பல குடும்பங்களை நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தின. நினைவை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 24 பேரிடம், நீங்கள் சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனீர்கள் என்று, நடக்கவே இல்லாத கதையை உண்மைக் கதைகளோடு கலந்து கொடுத்தார்கள். கால்வாசிப் பேர் அது முழுதாகவோ பாதியாகவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள்.

இதை வைத்து, சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பெரும்பாலானோர் அதை மறப்பதே இல்லை. சொல்ல ஆள் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். பிரச்சினை, இல்லாத இடத்தில் 'கண்டிப்பாக ஏதோ நடந்திருக்கிறது, யோசியுங்கள்' என்று தள்ளுவதில்தான். நல்ல தெரபிஸ்ட் காலியிடத்தைக் காலியாகவே விட்டுவைப்பார். ஹிப்னாடிசத்தில் வரும் நினைவுகள் துல்லியமாக இருப்பதில்லை, ஆனால் அவற்றின் மீதான நம்பிக்கை மட்டும் கூடிவிடும். பூர்வ ஜென்ம சிகிச்சை பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: இந்த ஜென்மத்துக் கணக்கே இன்னும் பாக்கி இருக்கிறது.

படி 9: ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப

காதலை ஒப்புக்கொண்டதும் லூசி குணமாகிவிடவில்லை. பண்ட வாசனை மங்கியது, அந்த இடத்தில் சுருட்டுப் புகையின் வாசனை வந்து உட்கார்ந்தது. மறுபடி ஆரம்பம். மதிய உணவு முடிந்து ஆண்கள் புகைபிடிக்கும் காட்சி. விருந்தாளியாக வந்த வயதான தலைமைக் கணக்கர் விடைபெறும்போது குழந்தைகளை முத்தமிடப் போக, முதலாளி 'முத்தமிடாதீர்கள்' என்று கத்துகிறார். அதற்கும் அடியில் இன்னொரு காட்சி: சில மாதங்களுக்கு முன்பு விருந்தாளியாக வந்த ஒரு பெண் குழந்தைகளை வாயில் முத்தமிட்டார். அவர் போன பிறகு முதலாளி லூசி மேல் பாய்ந்தார். இன்னொரு தடவை நடந்தால் குழந்தைகளை வேறு ஆளிடம் ஒப்படைப்பேன் என்று மிரட்டினார். இவர் என்னை நேசிக்கிறார் என்று லூசி வைத்திருந்த நம்பிக்கை அன்றுதான் நசுங்கியது. கடைசியாக உண்டான வாசனை முதலில் பேசப்பட்டது, முதலில் உண்டான காயம் கடைசியில் வந்தது. வெங்காயம் உரிப்பது மாதிரிதான், கண்ணீர் உட்பட.

இந்தத் திரும்பத் திரும்பச் செல்லும் வேலையைப் பற்றி ஃப்ராய்டு 1914இல் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். நினைவுகொள்ள முடியாததை நாம் செய்துகாட்டுகிறோம் என்பது அதன் சாரம். என் தாமதம் அப்படிப்பட்டதுதான். அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். திருச்சி விமான நிலையத்தில் நானும் அம்மாவும் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்போம். கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவன் நான். டிராஃபிக் என்று சொல்லிக் கிட்டத்தட்ட ஆறு மாதம் கழித்து, வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பியின் சூடு கையில் வந்தது. 'இந்தத் தடவை நீங்க வெயிட் பண்ணுங்கன்னு...' என்று பாதியில் நிறுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் இரண்டு லீவுகளுக்குத் தாமதமாகத்தான் போனேன். ஆனால் 'மை ஃபாதர்' எப்போது அப்பா ஆனார் என்று எனக்கே தெரியாது.

முடிப்பது

லூசியின் கடைசி அமர்வில் அவர் சிரித்த முகத்தோடு வந்தார். காதல் போய்விட்டதா என்றால், இல்லை, இன்னும் இருக்கிறது, ஆனால் அதனால் ஒன்றுமில்லை, எனக்குள் நான் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம் அல்லவா என்ற பொருளில் பதில் சொன்னார். வாசனை தெரியும் திறனும் ஓரளவு திரும்பியிருந்தது. நான்கு மாதம் கழித்து ஒரு கோடை வாசஸ்தலத்தில் ஃப்ராய்டு அவரைத் தற்செயலாகப் பார்த்தபோது நன்றாகவே இருந்தார்.

உங்களுக்கு ஒன்பது வாரம் போதாது. மாதங்களும் சிலருக்கு வருடங்களும் ஆகும். நிறுத்த நினைத்தால் வாட்ஸ்ஆப்பில் 'தேங்க்ஸ் மேடம்' அனுப்பிவிட்டு மறையாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்லி, தேதி குறித்து, மிச்சமிருக்கும் வாரங்களில் பிரிவைப் பற்றியே பேசுங்கள். பழைய அறிகுறிகள் அப்போது ஒருமுறை தலைகாட்டுவது சகஜம். பயந்துபோய்த் தேதியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

என் கடைசி அமர்வுக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். அவர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தது முதலில் நான்தான்.